ஊருக்கே வந்து ஊமைப்படம் போடுறாங்க: வில்லியம் எஸ். ஹார்ட் ராத்திரி எப்படி இருந்துச்சு

கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான், திருவாரூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது உபயோகமா இருக்கும்னுதான் எழுதறேன். ஸ்கிரீன், ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரு டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டு ஊருக்கே வந்து, நூறு வருஷத்துக்கு முந்தின ஊமைப்படங்களைப் போட்டுக் காட்டி, பக்கத்துல நின்னு தமிழ்ல கதையும் சொல்லி, கூடவே ஹார்மோனியமும் தவிலும் வாசிக்கிற ஒரு சின்ன டீம் இருக்கு, மொத்தமே மூணு பேரு. நிறையோட குறையும் சொல்லப்போறதால பேரு போடல, வேணுங்கறவங்க தனியா கேளுங்க நம்பர் தர்றேன்.

எங்க ஊர் நூலக வாசகர் வட்டத்துல எல்லாரும் காசு போட்டுத்தான் இவங்கள வரவழைச்சோம். மாசி மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு வயல்ல உளுந்து முளைச்சு நிக்கிற நேரம், நெல்லு அடிச்ச களம் காலியா கெடந்துச்சு, அங்கயே ஸ்கிரீன் கட்டிட்டாங்க. இவங்ககிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம், கண்டமேனிக்கு நாலு படத்தைப் போட்டுட்டுப் போறதில்ல. ஒரு ராத்திரிக்கு ஒரு நடிகர். அவர் எப்படி வந்தார், எங்க உச்சத்துக்குப் போனார், எப்படி முடிஞ்சார்னு படத்துக்கு நடுநடுவுல சொல்லிக்கிட்டே போறாங்க, கடைசியில ஒரு மனுஷனோட முழு வாழ்க்கையும் நம்ம கையில இருக்கு. நாங்க கேட்டது கௌபாய் படம், அவங்க கொண்டு வந்தது வில்லியம் எஸ். ஹார்ட்.

கௌபாய்னா நம்ம பக்கத்துல ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு ஜெய்சங்கர்தான், டைரக்டர் கர்ணன் எடுத்த படங்கள்ல தொப்பியும் துப்பாக்கியுமா குதிரையில வருவாரே, அதான் ஞாபகம். அதுக்கும் அம்பது அறுபது வருஷம் முன்னாடி இதையெல்லாம் ஸ்கிரீன்ல வேர் புடிக்க வச்ச ஆளுங்கள்ல ஒருத்தர் ஹார்ட்ங்கறது களத்துல உக்காந்திருந்த யாருக்கும் தெரியாது.

கதை சொல்ற அண்ணன் ஆரம்பிச்சதே வயசுல இருந்துதான். ஹார்ட் பொறந்தது 1864ல, நியூயார்க் மாநிலத்துல நியூபர்க்ங்கற ஊர்ல. சினிமாவுக்கு வந்தது 1914ல. கணக்குப் போட்டுப் பாருங்க, நாப்பத்தொம்போது வயசு! அந்த வயசுல ஒருத்தர் சினிமாவுக்குப் புதுசா வந்து ரெண்டே வருஷத்துல அமெரிக்காவுலயே தியேட்டர்காரங்களுக்கு அதிக வசூல் குடுக்கற நடிகர்னு பேர் வாங்கினார். அதுவரைக்கும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல நாடக மேடை. 1899ல பென்ஹர் நாடகம் வந்தப்ப வில்லன் மேசாலாவா நடிச்சவர் இவர்தான், மேடையிலயே ஓடுற பாதை அமைச்சு நிஜக் குதிரைகளை ஓட விட்டு ரதப் பந்தயம் காட்டின நாடகம் அது. சின்ன வயசுல மேற்குப் பக்கம் வளர்ந்தவர், சியூ பழங்குடிப் பிள்ளைங்களோட பழகினவர்னு தன் சுயசரிதையில எழுதியிருக்கார். அதனால ஊர் ஊரா நாடகம் போட்டுக்கிட்டிருந்தப்ப ஒரு நாள் ஒரு கௌபாய் படத்தைப் பார்த்துட்டு, இதுல உடுப்பும் தப்பு நடையும் தப்பு எல்லாமே தப்புன்னு மனசு கொதிச்சுப் போய், நான் சரியா எடுத்துக் காட்டறேன்னு, நாடகக் காலத்துலயே பழக்கமான தாமஸ் இன்ஸ்கிற தயாரிப்பாளர்கிட்டப் போய் நின்னார். இந்த இடத்தை அந்த அண்ணன் ரொம்ப நல்லாச் சொன்னார், கூட்டம் அப்பவே ஹார்ட் பக்கம் சாஞ்சிடுச்சு.

முதல் படம் 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்', 1916ல வந்தது. சட்டம் ஒழுங்கு எதுவும் இல்லாத ஒரு கெட்ட ஊரு, அங்க புதுசா ஒரு போதகரும் அவரோட தங்கச்சியும் வர்றாங்க, அவங்களை விரட்டறதுக்கு சாராயக்கடைக்காரன் ஏற்பாடு பண்ணின ரவுடிதான் ஹார்ட். அந்தப் பொண்ணைப் பார்த்த நிமிஷத்துல இவர் மாறிடறார், ஆனா போதகர் பலவீனமானவர், குடியிலயும் ஒரு பொம்பளை விரிச்ச வலையிலயும் விழுந்து கடைசியில செத்தே போறார், கோயிலையும் எரிச்சுடறாங்க. அதுக்கப்புறம் ஹார்ட் தனி ஆளா நடந்து வந்து அந்த ஊரையே கொளுத்தறார்.

இந்த மனுஷன் கை காலை ஆட்டறதே இல்லங்க. ஊமைப்படம்னா படபடன்னு ஓடுவாங்க, கண்ணை உருட்டுவாங்க, மார்ல அடிச்சுக்குவாங்கன்னுதான் நாம நெனைச்சிருக்கோம். ஹார்ட் சும்மா நிக்கறார். நீளமான மூஞ்சி, ஒட்டின கன்னம், சிரிப்பே கிடையாது, கண்ணு மட்டும் கொஞ்சமா சுருங்குது. முதல் தடவை அந்தப் பொண்ணைப் பார்க்கற இடத்துல உள்ளுக்குள்ள ஏதோ இடியுதுன்னு அந்த மூஞ்சியிலயே தெரியுது. நல்லவனா கெட்டவனான்னு சொல்ல முடியாத ஆளு, கெட்டவனா வந்து நல்லவனா முடியற ஆளு, இதையே பத்து வருஷம் திரும்பத் திரும்பப் பண்ணினார், பண்ணினதெல்லாம் பெரும்பாலும் ஒரே கதைதான், ஆனா அந்த மூஞ்சிக்காகவே ஜனம் வந்துச்சு.

இங்க டீமைப் பாராட்டியே ஆகணும், படத்தை சரியான வேகத்துல போட்டாங்க. அந்தக் காலத்துல கேமராவைக் கையால சுத்தினாங்க, செகண்டுக்கு 16 ஃப்ரேம் 18 ஃப்ரேம்னு போகும், அதை இப்ப இருக்கற 24 ஃப்ரேம்ல ஓட விட்டா எல்லாரும் பொம்மை மாதிரி குதிச்சுக் குதிச்சு நடப்பாங்க, நெட்டுல கெடக்கற பழைய படங்கள் நெறைய அப்படித்தான் இருக்கு, அதைப் பார்த்துட்டு நம்ம ஜனங்க ஊமைப்படம்னாலே காமெடின்னு முடிவு பண்ணிட்டாங்க. இவங்க வேகத்தைக் கொறைச்சு சரி பண்ணிக் கொண்டு வந்திருந்தாங்க, ஹார்ட் மனுஷன் நடக்கற மாதிரி நடந்தார். களத்துல ஒருத்தர் கூட சிரிக்கல.

பக்கத்துல நின்னு கதை சொல்றது நம்ம நாட்டுல பழைய பழக்கம்தான். 1905ல திருச்சியில ரயில்வே கிளார்க்கா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ப்ரொஜெக்டரையும் படச்சுருளையும் விலைக்கு வாங்கி ஊர் ஊரா கொட்டாய் போட்டுக் காட்டினார், அப்புறம் வந்த ஊமைப்படக் கொட்டாய்கள்ல திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லுவார். காவிரிக் கரைக்கு சினிமா வந்த வழி அது. அந்த வேலையை இப்ப இந்த அண்ணன் கையில எடுத்திருக்கார், குரல் நல்ல கணீர்னு இருக்கு, மைக்கே தேவையில்ல. படத்துக்கு நடுவுல வசனத்தை எழுதிக் காட்டற இங்கிலீஷ் கார்டு ஒண்ணொண்ணையும் படிச்சுக்கிட்டு நிக்காம அர்த்தத்தைப் பேச்சுத் தமிழ்ல சொல்லிட்டுப் போறார். ஒரு கார்டுல சாராயக்கடைக்காரனோட நயவஞ்சகத்தை மெக்சிகோக்காரங்க குணம்னு எழுதியிருக்கும், அதை அவர் மூடி மறைக்கல, இப்படி எழுதியிருக்காங்க, இது அந்தக் காலத்து இனவெறி, நாம இதை ஏத்துக்க வேண்டாம்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்ததுக்குப் போனார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

ஆனா மூஞ்சியில க்ளோசப் வர்றப்பவும் பேசிக்கிட்டே இருக்கார். "இப்ப அவன் மனசுல என்ன ஓடுதுன்னா..."ன்னு ஆரம்பிக்கறார். அண்ணே, அதைத்தான் அவரு மூஞ்சியில காட்டிக்கிட்டு இருக்காரே! ஹார்ட் சம்பாதிச்ச பேரு மொத்தமும் அந்த ரெண்டு மூணு செகண்ட்லதான் இருக்கு, அங்க ஹார்மோனியத்தை மட்டும் மெதுவா விட்டுட்டு வாயை மூடிக்கிட்டா போதும். இடைவேளையில போய் பக்குவமா சொன்னேன், "சரிங்க, பார்த்துக்கறேன்"னார், ரெண்டாவது படத்துல ஓரளவுக்குக் கொறைச்சார்.

இடைவேளையில சுண்டல், டீ எங்க ஆளுங்க ஏற்பாடு. அது முடிஞ்சதும் பதினஞ்சு நிமிஷம் ஃபோட்டோக்களைத் திரையில போட்டு நடுவுல உள்ள வருஷங்களைச் சொன்னார். ஹார்ட்டோட குதிரை ஃப்ரிட்ஸ், வெள்ளையும் செம்பழுப்பும் திட்டுத்திட்டா இருக்கற குட்டையான குதிரை, ஆறடிக்கு மேல இருக்கற மனுஷனை அது சுமந்துக்கிட்டு ஓடும், அந்தக் குதிரைக்குன்னே தனியா ரசிகர்கள் இருந்தாங்க. 1919ல சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்ங்கற படக் கம்பெனியைத் தொடங்கினப்ப முதல் பேச்சுல ஹார்ட்டும் இருந்தார், அப்புறம் வெலகிட்டார். அவ்ளோ பெரிய ஆளு. அதே நேரத்துல இன்னொரு பக்கம் டாம் மிக்ஸ்ங்கற கௌபாய் நடிகர் வந்துட்டார். அவரு பளபளன்னு உடுப்பு, டோனின்னு அழகுக் குதிரை, ரயில் மேல தாவறது, பாறையில இருந்து குதிக்கறது, சிரிச்ச முகம். ஜனத்துக்கு அது பிடிச்சுப் போச்சு. ஹார்ட்டோட புழுதியும் பாவமன்னிப்பும் பழசாத் தெரிய ஆரம்பிச்சுது. 1922ல காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் ஒரு படத்துல இவரு அழறதைக் கிண்டல் பண்ணப் போக, ஹார்ட் ரொம்ப நாள் அவர்கூட பேசவே இல்லையாம். ஹார்ட் அப்ப நடிச்சுக்கிட்டிருந்த கம்பெனி, கதையை மாத்துங்க எங்க சொல்படி நடிங்கன்னு சொல்லிப் பார்த்துச்சு. இவரு மாட்டேன்னுட்டு வெளிய வந்துட்டார்.

எனக்கு இந்தப் பிடிவாதத்துல முழு மரியாதை உண்டு. டாம் மிக்ஸ் பண்ணினதும் பெரிய வேலைதான், அதைக் கொறைச்சுச் சொல்லல, அவரோட படங்கள் நெறைய 1937ல ஃபாக்ஸ் கம்பெனி ஃபிலிம் கிடங்கு தீப்பிடிச்சப்ப அழிஞ்சு போனது பெரிய நஷ்டம். நம்ம நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழ் ஊமைப்படமே இன்னிக்கு நம்மகிட்ட இல்லையே, அந்த வலி நமக்குத் தெரியாததா. ஆனா ஹார்ட், இது இப்படித்தான் இருந்துச்சு, நான் பொய்யா எடுக்க மாட்டேன்னு நின்னதுக்கு ஒரு வெலை குடுத்தார், குடுத்துட்டும் நின்னார்.

ரெண்டாவது படம் 'டம்பிள்வீட்ஸ்', 1925. ஹார்ட்டோட கடைசிப் படம், சொந்தக் காசும் போட்டு எடுத்தது, அப்ப அவருக்கு அறுபது வயசு. கதை 1893 செப்டம்பர் 16ம் தேதி நிஜமா நடந்த ஒரு சம்பவத்து மேல கட்டினது. ஓக்லஹாமாவுல செரோக்கி ஸ்ட்ரிப்னு அறுபது லட்சம் ஏக்கருக்கு மேல நெலம், அதை அரசாங்கம் குடியேற வர்றவங்களுக்குத் தொறந்து விடுது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பீரங்கி வெடிக்கும், எல்லைக்கோட்டுல நிக்கற ஜனம் ஓடிப் போய் எந்த எடத்துல மொதல்ல கம்பு நடறாங்களோ அது அவங்களுக்கு. லட்சம் பேருக்கு மேல வந்து நின்னாங்க. ஒரு ஆளுக்கு 160 ஏக்கர்.

கதை சொல்ற அண்ணன் இங்க ஒரு காரியம் பண்ணினார் பாருங்க, "நூத்தி அறுபது ஏக்கர்னா நம்ம கணக்குல இருபத்திநாலு வேலி"ன்னார். களமே நிமிர்ந்து உக்காந்துச்சு. அரை மா கால் மாவுக்கு வரப்புத் தகராறு பண்ணி கோர்ட்டுக்கு நடந்த மனுஷங்க இருக்கற எடம், இருபத்திநாலு வேலியை ஓடிப் போய் எடுத்துக்கோன்னா எப்படி இருக்கும்! அதுவரைக்கும் பின்னாடி நின்னு பேசிக்கிட்டிருந்த ஆளுங்க கூட முன்னாடி வந்து உக்காந்துட்டாங்க.

அந்த ஓட்டம் வர்ற சீன்ல தவில்காரத் தம்பியைப் பத்தி தனியா சொல்லணும். பன்னெண்டு மணிக்கு முன்னாடி கடிகாரத்தை மாத்தி மாத்திக் காட்டுவாங்க, வரிசையா நிக்கற வண்டிங்க, குதிரைங்க, வேர்த்துப் போன மூஞ்சிங்க. அப்ப அவரு தவிலைத் தொடவே இல்ல. ஹார்மோனியமும் நின்னு போச்சு. களத்துல ஒரு சத்தம் இல்ல. பீரங்கி பொகை வந்த அந்த நொடியில வலந்தலையில ஒரு அடி விழுந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் வேகம் ஏற ஏற நூத்துக்கணக்கான வண்டிங்க திரை முழுக்கப் பாயுது, கேமராவைக் குழிக்குள்ள வச்சு மேல குதிரைக் குளம்பு தாண்டிப் போற மாதிரி எடுத்திருக்காங்க, தவில் அதோட சேர்ந்து ஓடுது. ஹார்ட்டை, முன்னாடியே திருட்டுத்தனமா உள்ள பூந்தவன்னு தப்பாப் புடிச்சு அடைச்சு வச்சிருப்பாங்க, அவர் தப்பிச்சு வந்து லேட்டாக் கிளம்பி அத்தனை பேரையும் தாண்டிக்கிட்டுப் போறார். அறுபது வயசு மனுஷன் குதிரை மேல அப்படி ஒண்ணா ஒட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்தா மயிர்க்கூச்செறியுது. பொடிப் பசங்க எல்லாம் எழுந்து நின்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அதே தவில் முதல் படத்துல தீ எரியற சீனுக்கு ரொம்ப ஓவர், அங்க ஹார்மோனியம் மட்டும் போதும், அதையும் இங்க பதிவு பண்றேன்.

ஓட்டத்துக்கு முன்னாடி இன்னொரு எடம் இருக்கு, மாட்டு மந்தைகளை எல்லாம் அந்த நெலத்துல இருந்து வெளிய ஓட்டிக்கிட்டுப் போவாங்க, ஹார்ட்டும் மத்த கௌபாய்களும் மேட்டுல நின்னு பார்த்துட்டு தொப்பியைக் கழட்டுவாங்க. இனிமே வேலி போட்டு ஏர் ஓட்டிடுவாங்க, எங்க காலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு அந்த ஓட்டத்தை விட இந்த சீன்தான் மனசுல நிக்குது. கதையில ஒரு தொழில் முடியுது, அதுல நடிக்கற மனுஷனுக்கும் தொழில் அதோட முடிஞ்சுது. விநியோகம் சரியா பண்ணலன்னு ஹார்ட் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மேல கேஸ் போட்டு, வருஷக்கணக்கா அலைஞ்சு ஜெயிச்சார், ஆனா திரும்ப நடிக்க வரல.

படம் முடிஞ்சதும் எங்க பெரியப்பா எழுந்து கேட்டார், "ஏன் தம்பி, அந்த நெலம் அதுக்கு முன்னாடி யாரோடது? அவங்க எங்க போனாங்க?" நல்ல கேள்வி, படத்துல இதுக்குப் பதில் கிடையாது. அண்ணன் மழுப்பாம சொன்னார், அது செரோக்கி மக்களோட நெலம், அரசாங்கம் நெருக்கடி குடுத்து சுமார் 85 லட்சம் டாலருக்கு எழுதி வாங்கிக்குச்சுன்னு. பெரியப்பா கணக்குப் போட்டுட்டு, "ஏக்கர் ஒண்ணரை டாலர் கூட வரலையேப்பா"ன்னார். அதுக்கப்புறம் அரை மணி நேரம் அதே பேச்சு, எண்ணெய் எடுக்கறேன்னு வந்து வயல்ல குழாய் பதிச்சது, 2020ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டதுன்னு எங்கெங்கயோ போச்சு. ஒரு கௌபாய் படம் இந்தப் பேச்சைக் கெளப்பும்னு நான் எதிர்பார்க்கல. டீம் அவசரப்படுத்தாம ப்ரொஜெக்டரை நிறுத்திட்டுப் பொறுமையா இருந்தாங்க, அதுக்கே தனி நன்றி.

கடைசியா போட்டதுதான் இந்த நிகழ்ச்சியிலயே பெரிய பொருள். 1939ல 'டம்பிள்வீட்ஸ்' படத்தைத் திரும்ப ரிலீஸ் பண்ணினப்ப அதுக்கு முன்னாடி ஹார்ட் பேசின எட்டு நிமிஷப் பேச்சைச் சேர்த்தாங்க. அவரோட பண்ணை வீட்டுப் பக்கம், மலைச் சரிவுல, பழைய கௌபாய் உடுப்புலயே நடந்து வந்து நிக்கறார். எழுபத்தி நாலு வயசு. அத்தனை வருஷம் சத்தமில்லாம நடிச்ச மனுஷனோட குரலை அங்கதான் கேக்கறோம், நாடக மேடைக் குரல், நீட்டி முழக்கற பழைய பாணி, ஆனா நடுங்குது. படம் எடுக்கறது எனக்கு மூச்சு மாதிரின்னு சொல்றார். குதிரை ஓடின புழுதி, காத்து முகத்துல அடிச்சது, எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வந்து, ஆள் இல்லாம வர்ற தன் ஃப்ரிட்ஸைப் பத்திப் பேசறப்ப குரல் உடைஞ்சு போகுது. ஃப்ரிட்ஸ் செத்தது 1938ல, அந்தப் பண்ணையிலயே புதைச்சிருக்கார்.

இங்கதான் இந்த சர்வீஸ்ல எனக்குப் பெரிய வருத்தம். அந்தப் பேச்சு ஓடறப்பவே அண்ணன் மேல மேல தமிழ்ல சொல்லிக்கிட்டே போனார். ஹார்ட்டோட குரல் கீழ அமுங்கிப் போச்சு. இங்கிலீஷ் புரியாதவங்க இருக்காங்க, அவங்களுக்காகத்தான் பண்ணினார், அது எனக்குப் புரியுது. ஆனா ராத்திரி முழுக்க ஊமையா பார்த்த மனுஷன் முதல் தடவை வாயைத் தொறக்கறப்ப அதைக் கேக்க விட வேண்டாமா? முதல்ல தமிழ்ல சாராம்சத்தை ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு, அப்புறம் எட்டு நிமிஷமும் சும்மா விட்டா, பாஷை தெரியாட்டியும் அந்த நடுக்கம் எல்லாருக்கும் புரியும். எங்க ஆளுங்க கேட்டுக்கிட்டதால திரும்ப ஒரு தடவை பேசாம போட்டார், அப்ப பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிடுச்சு. இருந்தவங்க அசையல. நீங்க புக் பண்ணினா இதை முன்கூட்டியே சொல்லிடுங்க.

முடிவுல ஹார்ட்டோட உயிலைப் பத்திச் சொன்னார், 1946ல செத்தார், கலிஃபோர்னியாவுல நியூஹால்ங்கற ஊர்ல இருந்த வீட்டையும் பண்ணையையும் ஜனங்களுக்கே எழுதி வச்சுட்டார், படம் எடுத்தப்ப அவங்க சில்லறை சில்லறையா எனக்குக் குடுத்தாங்க, நான் போனப்புறம் என் வீடு அவங்களுக்குன்னு. இப்பவும் அது பூங்காவும் மியூசியமும்தான். எங்க பக்கத்துல அன்னச்சத்திரத்துக்கு நெலம் எழுதி வச்சவங்க கதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெரியவங்க அதுக்குத் தலையாட்டினாங்க.

சரி, மத்த விவரம். ஸ்கிரீன் பத்துக்குப் பன்னெண்டு அடி இருக்கும், இருநூறு பேர் வரைக்கும் தாராளமாப் பார்க்கலாம், அதுக்கு மேல போனா பின்னாடி உள்ளவங்களுக்குக் கார்டு தெரியாது. கொஞ்சம் தாழ்வா கட்டறாங்க, நாங்க ரெண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு ஏத்திக் கட்டினோம், நீங்களும் கம்பு ரெடியா வச்சுக்கோங்க. ப்ரொஜெக்டர் வெளிச்சம் நல்லா இருக்கு, ஆனா தெருவிளக்கை அணைக்க ஊராட்சியில சொல்லிடணும். கரெண்டு போச்சுன்னா அவங்ககிட்ட சின்ன இன்வெர்ட்டர் இருக்கு, ஒரு மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டர் வச்சா தள்ளி வைங்க, இல்லன்னா ஹார்மோனியம் காதுல விழாது. ஏழு மணின்னு சொல்லிட்டு எட்டேகாலுக்குத்தான் ஆரம்பிச்சாங்க, சின்னப் பிள்ளைங்க ரெண்டாவது படத்துக்குள்ள தூங்கிடுச்சுங்க, இதை அவங்க கண்டிப்பா சரி பண்ணணும். மாசிப் பனியில திரை கீழ்ப் பக்கம் கொஞ்சம் நமத்துப் போச்சு, படத்துக்கு ஒண்ணும் ஆகல.

ரேட்டு 7,000 ரூபாய், வண்டி வாடகை தூரத்தைப் பொறுத்துத் தனி, மூணு பேருக்கும் ராத்திரி சாப்பாடு நம்ம பொறுப்பு. தவில் வேண்டாம்னா 5,500ன்னாங்க. நான் சொல்றேன், தவிலைக் கொறைக்காதீங்க, வேற எங்கயாவது மிச்சம் பிடிங்க. ஸ்கூலுக்குப் போடறதா இருந்தா 'டம்பிள்வீட்ஸ்' மட்டும் கேளுங்க, முதல் படம் சின்னப் பிள்ளைங்களுக்குக் கனமா இருக்கும். டாம் மிக்ஸ் ராத்திரி ஒண்ணும் தயார் பண்ணிக்கிட்டு இருக்காங்களாம். ஜூன்ல மேட்டூர் தொறந்து தண்ணி வந்துட்டா வயலும் களமும் வேலைக்குப் போயிடும், எடம் கெடைக்காது, அதனால பங்குனி சித்திரைக்குள்ள கேட்டு வச்சுக்கோங்க.